ஆஸ்துமாவைத் தூண்டும் மருந்துகள், தணிக்கும் மருந்துகள்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

ஆஸ்துமா பற்றி வந்த கடிதங்களைப் படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பெரும்பாலானவர்கள் தூசு, புகை, குளிர்காற்று ஆகியவற்றைப் பற்றி நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். ஆனால், வேறொரு நோய்க்காக வேறொரு மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தும் மூச்சுக்குழாயை இறுக்கக்கூடும் என்பதைச் சிலரே யோசித்திருக்கிறார்கள். அதனால் மருந்துகள் தொடர்பான கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 42. ஆறு ஆண்டுகளாக ஆஸ்துமா இருக்கிறது. மூக்கில் சதை வளர்ந்து இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். வாசனை அறவே தெரிவதில்லை. சென்ற மாதம் முழங்கால் வலிக்காக ஒரு ஐபுபுரூஃபன் மாத்திரை போட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, மூக்கிலிருந்து நீர் கொட்டி, பேச முடியாத அளவுக்கு மூச்சுத்திணறல் வந்து, அவசர சிகிச்சைப் பிரிவில் சேர வேண்டியதாயிற்று. இளம் வயதில் இதே மாத்திரையை எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். இது தற்செயலா? இனி வலிக்கும் காய்ச்சலுக்கும் எதைப் போடுவது?

பதில்: தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் மூன்று செய்திகள் ஒன்றாக வந்திருக்கின்றன: ஆஸ்துமா, மூக்கில் சதை, வலி மாத்திரைக்குப் பிறகான மூச்சுத்திணறல். இந்த மூன்றும் சேர்ந்து வருவதைப் பிரான்சைச் சேர்ந்த விடால் என்ற மருத்துவர் 1922-இலேயே பதிவு செய்தார். 1968-இல் சாம்டர், பியர்ஸ் என்ற இருவர் இதை விரிவாக விளக்கி எழுதிய பிறகு, மருத்துவ உலகில் இதற்குச் சாம்டரின் பெயரே நிலைத்துவிட்டது. வாசனை தெரியாமல் போனதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தின் மிக முக்கியமான வரி அதுதான்.

இளம் வயதில் ஒத்துக்கொண்ட மாத்திரை இப்போது ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்கிறீர்கள். இந்தக் கோளாறு பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுகளில்தான் தலைகாட்டுகிறது. முதலில் தீராத மூக்கடைப்பும் சளியும் வரும்; பிறகு ஆஸ்துமா வரும்; மாத்திரைக்கு எதிரான விளைவு ஏதோ ஒரு நாள் வெளிப்படும். ஆகவே, முன்பு போட்டபோது ஒன்றும் ஆகவில்லை என்பதை இனி ஒரு பாதுகாப்பாகக் கொள்ள முடியாது.

இது எப்படி நேர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் எந்த மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்பதும் தானாகவே விளங்கும். நம் உயிரணுக்களின் சவ்வில் உள்ள அரகிடோனிக் அமிலம் இரண்டு வழிகளில் மாற்றமடைகிறது. ஒரு வழியில் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகின்றன. மற்றொரு வழியில் லூக்கோட்ரையீன்கள் உருவாகின்றன. லூக்கோட்ரையீன்கள் மூச்சுக்குழாய்த் தசையை இறுக்கி, உட்சுவரை வீங்கவைத்து, சளியைப் பெருக்குபவை. புரோஸ்டாகிளாண்டின்களில் ஒரு வகை அவற்றைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. ஆஸ்பிரினும் அதன் உறவு மருந்துகளும் முதல் வழியை அடைத்து வலியைக் குறைக்கின்றன. அதே சமயம், உங்களைப் போன்றவர்களின் உடலில் லூக்கோட்ரையீன்களைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லாமல் போகிறது. மாத்திரை போட்ட அரை மணி முதல் மூன்று மணி நேரத்துக்குள் நீங்கள் அனுபவித்த அத்தனையும் நடந்தேறும்.

இது ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருள் மீதான ஒவ்வாமை அல்ல. அந்த மருந்து செயல்படும் விதத்தால் வருவது. எனவே ஐபுபுரூஃபனை விட்டுவிட்டு டைக்ளோஃபெனாக் போடுவது மாற்றே ஆகாது. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன், இண்டோமெத்தசின், மெஃபனாமிக் அமிலம், கெட்டோரோலாக் ஆகிய அனைத்தும் உங்களுக்கு ஒன்றுதான். மாத்திரையாக விழுங்கினாலும் ஊசியாகப் போட்டாலும் ஆசனவாயில் வைத்தாலும் வேறுபாடில்லை. காய்ச்சல், சளி, உடல்வலி எல்லாவற்றுக்கும் சேர்த்து விற்கப்படும் கூட்டு மாத்திரைகளில் இவற்றில் ஒன்று கலந்திருக்கலாம். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைத்தான் நீங்கள் படிக்க வேண்டும்.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் என்ற அளவில் உங்களைப் போன்ற பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்ளும். ஒரே வேளையில் 1000 மில்லிகிராம் எடுத்தால் சிலருக்கு இழுப்பு வருவதுண்டு. மூட்டுவலிக்குச் செலிகாக்சிப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது; ஆனாலும் அதன் முதல் மாத்திரையை மருத்துவரின் கண்காணிப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் இதய நோய்க்காக ஆஸ்பிரின் கட்டாயம் தேவைப்பட்டால், மருத்துவமனையில் வைத்து மிகச் சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாக உயர்த்தி உடலைப் பழக்கும் முறை இருக்கிறது. அதை வீட்டில் ஒருபோதும் முயலாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்ற ஆஸ்துமா நோயாளிகள் அஞ்ச வேண்டாம். வயதுவந்த ஆஸ்துமா நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் 7 பேருக்கே இந்தக் கோளாறு இருக்கிறது. கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களிடம் இது இருமடங்கு வரை காணப்படுகிறது. தீராத மூக்கடைப்பு, மூக்கில் சதை, வாசனை இழப்பு ஆகியவை இருப்பவர்கள் வலி மாத்திரைக்குக் கை நீட்டும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: என் தாயாருக்கு வயது 63. பல ஆண்டுகளாக ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இருந்தது. மூன்று வாரங்களாக இரவில் இருமலும் இழுப்பும் அதிகமாகி, இன்ஹேலர் அடித்தாலும் முன்புபோல் கேட்பதில்லை. மருந்தின் அளவைக் கூட்டியும் பயனில்லை. வேறு எந்த மாற்றமும் இல்லை. கண்ணில் அழுத்தம் அதிகம் என்று ஒரு சொட்டு மருந்து மட்டும் சென்ற மாதம் தொடங்கினார்கள். மீண்டும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?

பதில்: எக்ஸ்ரேவுக்கு முன்னால் அந்தச் சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து, அதில் டிமோலால் என்ற பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தனியாகவும் இருக்கலாம், டார்சோலமைடு, பிரிமோனிடின் போன்றவற்றோடு கலந்தும் இருக்கலாம். இருந்தால், அடுத்த வேளைச் சொட்டுக்கு முன்பே கண் மருத்துவரைத் தொடர்புகொண்டு, தாயாருக்கு ஆஸ்துமா இருப்பதையும் இப்போது இழுப்பு அதிகமாகியிருப்பதையும் சொல்லுங்கள்.

கண்ணில் விடும் ஒரு சொட்டு நுரையீரலை எப்படிப் பாதிக்கும் என்று உங்களுக்குத் தோன்றலாம். கண்ணின் உள்மூலையில், இமையின் ஓரத்தில், ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. கண்ணீர் அதன் வழியாகத்தான் மூக்குக்குள் வடிகிறது. அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவது அதனால்தான். சொட்டு மருந்தும் அதே வழியில் மூக்கை அடைந்து, அங்குள்ள மெல்லிய சவ்வின் வழியாக நேரே இரத்தத்தில் கலக்கிறது. விழுங்கிய மாத்திரையில் ஒரு பகுதியைக் கல்லீரல் முதலிலேயே சிதைத்துவிடும். மூக்கின் வழியே போகும் மருந்துக்கு அந்தத் தடை இல்லை. எனவே ஒரு சொட்டு என்பது நாம் நினைப்பதைப்போல் அற்பமான அளவு அல்ல. சொட்டு விட்டபின் கண்ணின் உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் உடலுக்குள் போகும் அளவு குறையும். ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு டிமோலாலைப் பாதுகாப்பானதாக ஆக்க அது போதாது.

டிமோலால், பீட்டா பிளாக்கர் என்ற மருந்து வகையைச் சேர்ந்தது. மூச்சுக்குழாய்த் தசையில் பீட்டா-2 என்ற ஏற்பிகள் இருக்கின்றன. சால்பூட்டமால் போன்ற இன்ஹேலர் மருந்துகள் அவற்றில் பொருந்தித்தான் தசையைத் தளர்த்துகின்றன. பீட்டா பிளாக்கர் அந்த இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அதனால் தீங்கு இரட்டிப்பாகிறது: இழுப்பைக் கிளப்பிவிடுவதும் அதுவே, அதைத் தணிக்க வரும் மருந்தை வேலை செய்ய விடாமல் தடுப்பதும் அதுவே. ‘இன்ஹேலர் முன்புபோல் கேட்பதில்லை’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் ஐயம் வலுத்ததற்கு இதுவே காரணம்.

இதே வகையைச் சேர்ந்த புரோப்ரனலால் ஒற்றைத் தலைவலி, கைநடுக்கம், படபடப்பு, தைராய்டு மிகைப்பு ஆகியவற்றுக்குத் தரப்படுகிறது; இதுவும் ஆஸ்துமா நோயாளிகளுக்கு ஆகாது. அடினலால், மெட்டோப்ரலால், பிசோப்ரலால் ஆகியவை இதயத்தையே பெரிதும் நாடுபவை என்றாலும் மூச்சுக்குழாயை முற்றிலும் விட்டுவிடுபவை அல்ல. மாரடைப்புக்குப் பிறகோ இதயம் பலவீனமடைந்த நிலையிலோ இவற்றின் நன்மை பெரிது என்பதால், தருவதா வேண்டாமா என்பதை இதய மருத்துவர் எடைபோட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுத்துவரும் வாசகர் யாரும் இதைப் படித்துவிட்டுத் தாமாகவே சட்டென்று நிறுத்திவிட வேண்டாம்; திடீரென்று நிறுத்துவதால் நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரக்கூடும்.

உங்கள் தாயாரின் கண்ணழுத்தத்துக்கு லாட்டனோபிராஸ்ட் போன்ற வேறு வகைச் சொட்டுகள் இருக்கின்றன. கண்ணழுத்தத்தையும் கவனிக்காமல் விடக்கூடாது. சொட்டை விட்டுவிட்டுச் சும்மா இருந்தால் பார்வை போய்விடும். என்னிடம் வருபவர்களிடம் நான் மருந்துப் பட்டியலை வாயால் கேட்பதில்லை. பையைக் கொட்டச் சொல்கிறேன். ‘என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள்?’ என்று கேட்டால் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை என்று சொல்வார்களே தவிர, கண் சொட்டை யாரும் மருந்தாகவே எண்ணிச் சொல்வதில்லை.

கேள்வி: பிரஷருக்கு ராமிப்ரில் தொடங்கிய பிறகு வறட்டு இருமல் நிற்கவே இல்லை. எனக்குச் சிறு வயதில் ஆஸ்துமா இருந்தது. அது திரும்பிவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில் போன்றவை பிராடிகைனின் என்ற பொருள் சிதையாமல் தடுப்பதால், எடுப்பவர்களில் கணிசமானோருக்கு வறட்டு இருமல் வருகிறது. மூச்சுக்குழாய் சுருங்குவதால் வரும் இருமல் அல்ல என்பதால், இன்ஹேலர் அடித்தாலும் அது அடங்காது. லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவற்றுக்கு மாற்றினால் சில வாரங்களில் நின்றுவிடும். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 28. மாதம் ஒரு சால்பூட்டமால் இன்ஹேலர் தீர்ந்துவிடுகிறது. அடித்தவுடன் நன்றாக இருப்பதால் வேறெதுவும் எடுக்கவில்லை. ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு என்பதால் பயந்து வாங்கவில்லை. இப்படியே தொடரலாமா?

பதில்: தொடரக் கூடாது. உங்கள் கடிதம் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. ஏனென்றால், நலமாக இருப்பதாக நீங்களே நம்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரு சால்பூட்டமால் இன்ஹேலரில் பொதுவாக 200 முறை அடிக்கும் அளவுக்கு மருந்து இருக்கும். மாதத்தில் அது தீர்கிறதென்றால் நாளொன்றுக்கு ஆறு, ஏழு முறை அடிக்கிறீர்கள் என்று பொருள். ஆஸ்துமாவில் இரண்டு சிக்கல்கள் ஒன்றாக இருக்கின்றன: மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது; உட்சுவர் அழற்சியால் வீங்கிச் சளி சேர்கிறது. சால்பூட்டமால் சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தி, நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை ஆறுதல் தருகிறது. ஆனால் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. ஒவ்வொரு முறையும் மூச்சு எளிதாவதால் உள்ளே வீக்கம் வளர்ந்துகொண்டே போவது உங்களுக்குத் தெரிவதில்லை. ஒரு நாள் வைரஸ் சளியோ கடும் புகையோ வரும்போது, இறுகிய தசை மட்டுமல்லாமல், வீக்கமும் சளிக்கட்டிகளும் குழாயை அடைத்திருக்கும். அன்று அதே இன்ஹேலர் எத்தனை முறை அடித்தாலும் கேட்காது.

ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதல், வயதுவந்தோருக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பூட்டமால் போன்ற மருந்தை மட்டும் தனியாகத் தருவதை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. ஆண்டுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இன்ஹேலர்கள் தீர்ந்தால் கடும் தாக்குதலுக்கான அபாயம் கூடுகிறது; பன்னிரண்டோ அதற்கு மேலோ தீர்ந்தால் உயிரிழப்புக்கான அபாயமே கூடுகிறது. நீங்கள் இப்போது அந்தப் பன்னிரண்டில் நிற்கிறீர்கள். இந்தப் பாடம் புதிதும் அல்ல. 1960-களில் பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளில் சால்பூட்டமாலைப்போல் தசையைத் தளர்த்தும், அதிக வீரியமுள்ள ஐசோபிரினலின் இன்ஹேலர்கள் பரவலானபோதும், 1976 தொடங்கி நியூசிலாந்தில் அதே வகையைச் சேர்ந்த ஃபெனோட்ரால் இன்ஹேலர் பரவலானபோதும் ஆஸ்துமா மரணங்கள் திடீரென உயர்ந்தன. அவற்றின் பயன்பாடு குறைந்தபின் மரணங்களும் குறைந்தன.

ஸ்டீராய்டு மீதான அச்சத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். மாதக்கணக்கில் மாத்திரையாக எடுப்பவர்களுக்கு எலும்பு தேய்வதும் சர்க்கரை கூடுவதும் உண்மைதான். ஆனால் அளவைப் பாருங்கள். புடெசொனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரில் ஒரு முறை உறிஞ்சும் அளவு பெரும்பாலும் 200 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. கடும் தாக்குதல் வந்து மருத்துவமனைக்குப் போனால் உங்களுக்குத் தரப்படும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை நாளொன்றுக்கு 40 முதல் 50 மில்லிகிராம். அது உடல் முழுவதும் சுற்றி வரும். ஸ்டீராய்டுக்கு அஞ்சி இன்ஹேலரைத் தவிர்ப்பவர்கள்தான் கடைசியில் அதிகமான ஸ்டீராய்டை விழுங்க நேர்கிறது. இன்ஹேலரால் வரக்கூடியது பெரும்பாலும் குரல் கம்முவதும் வாயில் வெண்படலம் படர்வதும்தான்; உறிஞ்சியவுடன் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் பெருமளவு தவிர்க்கலாம்.

புடெசொனைடும் ஃபார்மோட்ராலும் சேர்ந்த இன்ஹேலரைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஃபார்மோட்ரால் சால்பூட்டமாலைப்போலவே சில நிமிடங்களில் வேலை செய்து, அதைவிட நெடுநேரம் நீடிக்கும். இழுப்பு வரும்போதெல்லாம் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு முறையும் வீக்கத்துக்கான மருந்தும் சேர்ந்தே உள்ளே போகும்.

கேள்வி: ஏழு வயது மகனுக்கு ஆஸ்துமாவுக்காக மாண்டெலுகாஸ்ட் என்ற மருந்தைத் தொடங்கிய பிறகு இரவில் அலறிக்கொண்டு எழுகிறான், பகலில் காரணமின்றிக் கோபப்படுகிறான். மருந்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: இருக்கலாம். கெட்ட கனவு, தூக்கக் குலைவு, எரிச்சல், மனச்சோர்வு, அரிதாகத் தற்கொலை எண்ணம் ஆகியவை இந்த மருந்தோடு பதிவாகியிருக்கின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் இதற்குத் தன் மிக உயர்ந்த எச்சரிக்கையைச் சேர்த்தது. பல குழந்தைகளுக்கு இது எந்தத் தொல்லையும் இல்லாமல் உதவுகிறது என்பதும் உண்மை. நீங்கள் கவனித்ததை, தொடங்கிய தேதியோடு, மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிள்ளையின் குணம் கெட்டுவிட்டது என்று அவனைக் கண்டிக்காதீர்கள், அம்மா.

கேள்வி: ஆஸ்துமாவுக்காகத் தியோஃபிலின் மாத்திரை எடுக்கும் என் தந்தைக்குச் சிறுநீர்த் தொற்றுக்காகச் சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இரண்டு நாளாகக் குமட்டலும் படபடப்பும். ஏன்?

பதில்: தியோஃபிலினை உடலிலிருந்து வெளியேற்றும் கல்லீரல் நொதியைச் சிப்ரோஃபிளாக்சசின் தடுக்கிறது, எரித்ரோமைசினும் அப்படியே. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைந்த மருந்து தியோஃபிலின். குமட்டலும் படபடப்பும் முன்னறிகுறிகள். அடுத்து இதயத்துடிப்பு தாறுமாறாவதும் வலிப்பும் வரலாம். காத்திராமல் இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: இரவில் இழுப்பு வந்தால் என் கணவர் தூங்க முடியாமல் தவிக்கிறார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா? மருத்துவமனைக்குப் போகும்வரை வீட்டில் என்ன செய்வது?

பதில்: தூக்க மாத்திரை கொடுக்கவே கூடாது. இழுப்பின்போது அவர் விழித்திருந்து முழு முயற்சியோடு மூச்சு விடுவதால்தான் உடலுக்குப் போதிய காற்று கிடைக்கிறது. தூக்க மருந்து அந்த முயற்சியை மங்கச் செய்யும். கோடீன் கலந்த இருமல் மருந்தும் வேண்டாம்.

அவரை நிமிர்ந்து உட்கார வையுங்கள். சால்பூட்டமால் இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே வைக்கும் குழாய் போன்ற கலத்தில்) பொருத்துங்கள். ஒரு முறை அழுத்தி, அந்தக் காற்றை அவர் நிதானமாக நாலைந்து மூச்சாக இழுத்துக்கொள்ளட்டும். பிறகு மீண்டும் குலுக்கி அடுத்த முறை அழுத்துங்கள். அவசரத்தில் பலரும் ஒரே மூச்சுக்கு இரண்டு மூன்று முறை அழுத்திவிடுகிறார்கள். அந்த மருந்தில் பெரும்பகுதி ஸ்பேசரின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். இப்படி நான்கு முறை கொடுத்துவிட்டு இருபது நிமிடம் பாருங்கள். தேவையானால் திரும்பக் கொடுக்கலாம். மருத்துவர் முன்கூட்டியே பிரெட்னிசொலோன் எழுதிக் கொடுத்திருந்தால், அவர் சொன்ன அளவில் உடனே கொடுங்கள். அது வேலை செய்யச் சில மணி நேரமாகும் என்பதால் தாமதிப்பதில் பயனில்லை.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, அயர்ந்து சாய்கிறார், அல்லது இன்ஹேலருக்குப் பிறகும் தேறவில்லை என்றால் இருபது நிமிடம் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போகும் வழியிலும் இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே செல்லுங்கள். விசில் போன்ற சத்தம் நின்றுவிட்டதே என்று ஆறுதலும் அடையாதீர்கள். மூச்சு எளிதாகாமல் சத்தம் மட்டும் நின்றால், ஓசை எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று பொருள்.

கேள்வி: மூன்று மாதக் கர்ப்பமாக இருக்கிறேன். குழந்தைக்கு ஆகாது என்று எண்ணி இரண்டு வாரங்களுக்கு முன் ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்திவிட்டேன். இப்போது மாடிப்படி ஏறினால் இழுக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

பதில்: மீண்டும் தொடங்க வேண்டும், சகோதரி, இன்றே. கூடாத மருந்தை எடுப்பதைப்போலவே, வேண்டிய மருந்தை நிறுத்துவதும் ஆஸ்துமாவைத் தூண்டுகிறது. நீங்கள் இப்போது படியில் உணர்வது அதைத்தான். குழந்தைக்கான உயிர்வளி உங்கள் இரத்தத்திலிருந்தே செல்கிறது. கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா குறைப்பிரசவத்துக்கும் எடைகுறைந்த குழந்தைக்கும் வழிவகுக்கலாம். புடெசொனைடு உள்ளிட்ட இன்ஹேலர் ஸ்டீராய்டுகளும் சால்பூட்டமாலும் கர்ப்ப காலத்தில் பல ஆண்டுகளாகப் பாதுகாப்பாகப் பயன்பட்டு வருகின்றன. நிறுத்துவதற்கு முன் எந்த அளவு எடுத்தீர்களோ அதே அளவில் இன்று இரவு தொடங்குங்கள். நாளை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதற்குள் பேசும்போது மூச்சு வாங்கினால் நாளைவரை காத்திருக்க வேண்டாம்.